அசையாத கேமரா

திரையில் இருந்த ஆள் சாவகாசமாக மூக்கை நோண்டிக்கொண்டிருந்தார். அதே ஆள் மேஜைக்கு எதிரே முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை போடட்டுமா சார்? எந்த விரல்னு சரியாத் தெரியல" என்றான் வாயாடி.

"டேய்" என்றாள் அத்தை.

வாயாடி வாயை மூடினான். அது அவனுக்குச் சிரமமான காரியம். முன்பு அவன் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்தவன். ஒரு கல்யாணத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை முழிச்சிருக்காரா, இல்ல அவர் கண்ணே அவ்வளவுதானா?" என்று யாரிடமோ கேட்டான். அது பாட்டையும் மீறித் தெளிவாகப் பதிவாகிவிட்டது. இரண்டு குடும்பமும் கூடி உட்கார்ந்து பார்த்த அன்றோடு அந்தப் பிழைப்பு போனது. அப்பாவின் தங்கைதான் பாவம் பார்த்துத் தன் துப்பறியும் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அத்தை வேலை பார்த்த காலம் முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஓய்வு பெற்றதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்துப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டாள். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள் என்று பழைய சகாக்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது சுத்தப் பொய். அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்ப்பாள். டிக்கெட் எடுக்காதவன் எங்கே உட்கார்ந்தாலும் பாதம் கதவுப் பக்கமாகத்தான் திரும்பியிருக்குமாம்.

எதிரே இருந்தவர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம். 'தனியாள்' என்ற பெயரில் இணையத்தில் வீடியோ போடுகிறவர். காலையில் முட்டை பொரிப்பது, பஸ்ஸில் இடம் பிடிப்பது, மலையேறுவது, படகில் போவது என்று தன் அன்றாடத்தையும் பயணங்களையும் தானே எடுத்துப் போடுவார். "துணைக்கு ஆள் கிடையாது, ஸ்டாண்டும் நானும்தான்!" என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பிப்பார். அந்த ஒரு வரிக்கே அவருக்கு ரசிகர்கள் ஏராளம்.

இப்போது யாரோ அவரையே வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். கணக்கின் பெயர் 'இன்னொரு ஆள்'. எல்லாம் சின்னச் சின்ன வீடியோக்கள், சத்தமே கிடையாது. பஸ் நிலைய பெஞ்சில் படுத்துத் தூங்கினேன் என்று தனியாள் சொன்ன அன்றைக்கு, அவர் ஹோட்டல் கவுண்டரில் சாவி வாங்குவது ஒன்றில் இருந்தது. இன்னொன்றில் தெருவோரக் கிழவருக்கு ரொட்டி கொடுத்தார். கொடுத்துப் படம் எடுத்து முடிந்ததும் கிழவர் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்கித் தானே கடித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'அன்றாட வாழ்க்கை'. எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே வரி: 'பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.' நேற்று வந்ததில் மட்டும் ஒரு வரி கூடுதல்: 'அடுத்தது கடைசி.'

"யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்" என்றார் தனியாள். "அவனை நடுத்தெருவுல நிக்க வெச்சு அழ வெக்கலைன்னா நான் ஆம்பளையே இல்ல. அதையும் வீடியோ எடுத்துப் போடுவேன். பொண்டாட்டி பிள்ளைங்க இருந்தா அவங்களையும் சேர்த்துப் போடுவேன். அவன் குடும்பமே வெளியில தலைகாட்டக் கூடாது."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு, தொப்பிதான். அவனும் வீடியோ போடறவன். என் வளர்ச்சியைப் பாத்து வயிறு எரியறவன்."

அத்தை அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. வாயாடி ஏதோ நினைப்பில் விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்துவிட்ட டீ அவள் கையில் இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"பயணத்துக்கு இவங்களும் கூட வருவாங்களா?"

"சேச்சே! இவ வீட்டைப் பாத்துக்கறவ. நான்தான் சொல்றேனே மேடம், ஸ்டாண்டும் நானும்தான்."

"நீங்க யாரையாவது சந்தேகப்படறீங்களாம்மா?"

"எனக்கு சந்தேகம் எதுவும் இல்லைங்க" என்றாள் அவள். டீயைக் குடித்து முடித்துக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அவர்கள் படியிறங்கிப் போனதும் அத்தை வீடியோக்களை மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள். வாயாடி முகம் மலர்ந்து மூக்கு வீடியோவில் ஆரம்பித்தான்.

"சொல்லுடா. நீதான் இந்தத் தொழில் பண்ணினவனாச்சே. என்ன தெரியுது?"

"ரெண்டு விஷயம் அத்தை. ஒண்ணு, படம் கொஞ்சம்கூட ஆடல. ஸ்டாண்டு போட்டு எடுத்திருக்கான்."

"ஓடற பஸ்ல, படிக்கட்டு நடுவுல, ஹோட்டல் கவுண்டர் பக்கத்துலயெல்லாம் ஸ்டாண்டு போட்டா ஜனங்க பூ வெச்சு வரவேற்பாங்களா?"

"மாட்டாங்க. காலால எத்திட்டுப் போவாங்க."

"அப்ப கையில பிடிச்சுத்தான் எடுத்திருக்காங்க. ரெண்டாவது?"

"இதைப் பாருங்க." வாயாடி ஹோட்டல் வீடியோவை ஓட விட்டான். தனியாள் சாவியை வாங்கிக்கொண்டு திரையின் ஓரமாக நடந்து வெளியே போனார். கேமரா அவர் பின்னால் திரும்பவில்லை. வெறும் சுவரையும் ஒரு பூச்சட்டியையும் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு நின்றது. "எல்லாத்துலயும் இப்படித்தான். ஆள் போயிட்டான், இவன் உக்காந்து பூச்சட்டியைப் படம் எடுக்கறான். திருட்டுத்தனமா ஒருத்தனை எடுக்கறவன், அவன் போற பக்கம் திருப்ப வேண்டாமா?"

அத்தை எழுந்து செருப்பை மாட்டினாள். "கீழ வா. நான் நடக்கறேன். நீ என்னைப் படம் எடு. கேமராவைத் திருப்பக் கூடாது."

கண்ணாடிக் கடை வாசலில் வாயாடி போனைத் தூக்கிப் பிடித்தான். அத்தை நடந்தாள். போன் தானாகத் திரும்பியது. மறுபடி நடந்தாள், மறுபடி திரும்பியது. மூன்றாவது முறை வாயாடி முழங்கையை விலாவில் ஒட்டி, பல்லைக் கடித்து நின்றான். போன் திரும்பவில்லை, அவனே திரும்பிவிட்டான். கண்ணாடிக் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்.

"முடியல அத்தை. கண்ணு போற பக்கம் கையும் போகுது. சுளுக்கு விழுந்த கழுத்தா இருந்தாத்தான் உண்டு."

"இல்லைன்னா பழகின கையா இருக்கணும். வருஷக்கணக்கா ஸ்டாண்டு மாதிரி நின்னு பழகின கை."

மேலே வந்ததும் அத்தை தனியாளின் சொந்த வீடியோ ஒன்றைப் போடச் சொன்னாள். வாயாடிக்கு நன்றாகத் தெரிந்த பிரபலமான வீடியோ அது. "ஸ்டாண்டும் நானும்தான்!" என்று சொல்லிவிட்டுத் தனியாள் படகில் ஏறினார். கரையில் இருந்த கேமராவைப் பார்த்துக் கை ஆட்டினார். படகு சின்னதாகிச் சின்னதாகி ஒரு புள்ளியாகப் போனது. பின்னணியில் சோகமான இசை. கீழே ரசிகர்கள் கண்ணீர் வடித்திருந்தார்கள்.

"நிறுத்து" என்றாள் அத்தை. "படகு போயிடுச்சு. கேமராவை யாரு எடுத்தா?"

வாயாடி அடுத்த காட்சியை ஓட்டினான். அக்கரையில் நின்று தனியாள் பேசிக்கொண்டிருந்தார். அதே கேமராதான். லென்ஸில் இருந்த அதே கீறல் வெயில் படும்போது பளிச்சென்று தெரிந்தது.

"நீந்திப் போயிருக்குமோ?"

"அடுத்த படகுல போயிருக்கு. ஸ்டாண்டுக்குக் கால் இருக்குடா. டிக்கெட்டும் எடுத்திருக்கு." அத்தை நாற்காலியில் சாய்ந்தாள். "நம்ம ஆளுக்கு நம்மகிட்டகூட உண்மை சொல்ல மனசு வரல. தனியாளுங்கற பேர் கெட்டுடும்னு, கூடவே வந்த ஒருத்தரை இல்லவே இல்லைன்னுட்டார். அந்த இல்லாத ஆள்தான் இப்ப அவரை எடுத்துக்கிட்டு இருக்கறது."

"யாரு?"

"ததும்பத் ததும்ப டீ ஊத்தினியே. சிந்துச்சா?"

வாயாடி காலிக் கோப்பையைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப கேஸ் முடிஞ்சுது. போன் பண்ணிச் சொல்லிடலாமா?"

"சொன்னா என்ன ஆகும்? நடுத்தெருவுல நிக்க வெச்சு அழ வெப்பேன்னு உன் முன்னாடிதானே சொன்னார். யாருன்னு தெரிஞ்சு போச்சு, ஏன்னு தெரியல. ஏன்னு தெரியாம நான் யாரையும் வண்டியை விட்டு இறக்கினதில்ல."

தொப்பியின் இடம் டயர் கடைக்கு மேலே ஓர் ஒற்றை அறை. வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் அது கீழே விழுந்தது. எதற்காகப் போட்டிருந்தார் என்பதும் தெரிந்தது.

"நான் பண்ணியிருந்தா என் பேரைப் போட்டு, என் மூஞ்சியைக் காட்டித்தான் பண்ணியிருப்பேன். இவ்வளவு நல்ல காரியத்தை யாராவது பேர் போடாம பண்ணுவாங்களா?" தொப்பியை எடுத்துத் தட்டி மறுபடி வைத்துக்கொண்டார். "அந்த ஆள் மேல எனக்கு இருக்கற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லைம்மா. அவர் போடற ஒவ்வொரு வீடியோவையும் இறக்கி வெச்சிருக்கேன். என்னிக்காவது ஒருநாள் மாட்டுவார்னு."

"போட்டுட்டு அப்புறம் எடுத்துட்டது ஏதாவது இருக்கா?" என்றாள் அத்தை.

தொப்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. "ஒண்ணே ஒண்ணு இருக்கு."

அது ஒரு சின்ன ஊரின் பேக்கரியில் எடுத்தது. தனியாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு ஏதோ ஜோக் அடித்தார். பின்னால் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். மாவு ஒட்டிய முகம். அப்படி ஒரு சிரிப்பு சிரித்தாள். பார்த்த வாயாடிக்கே உதடு விரிந்தது. வீடியோவின் முகப்புப் படமாக அந்தச் சிரிப்பைத்தான் பெரிதாக வெட்டி வைத்திருந்தார்கள்.

"அது எப்படி ஓடிச்சு தெரியுமா? அவர் அதுவரைக்கும் போட்ட எதுவும் அப்படி ஓடல. யார் அந்தப் பொண்ணுன்னு ஊரே கேட்டுச்சு. அந்த வாரமே அவளோட புருஷன்காரன் வந்து அவளைக் கொன்னுட்டான்னு பேப்பர்ல வந்துது. அடிக்குப் பயந்து ஓடிப்போய் அங்க ஒளிஞ்சிருந்தாளாம். இவர் சத்தமில்லாம வீடியோவை நீக்கிட்டு, கண்ணைக் கசக்கிக்கிட்டு இன்னொரு வீடியோ போட்டார், அவ என் கூடப்பிறக்காத தங்கச்சின்னு. அது இன்னிக்கும் ஓடுது."

அத்தை அந்தச் சிரிப்பை மறுபடி ஓடவிட்டாள். பிறகு மறுபடியும்.

"டேய், அவ யாரைப் பாத்துச் சிரிக்கறா?"

வாயாடி குனிந்து பார்த்தான். தனியாள் இடது ஓரத்தில் இருந்தார். அந்தப் பெண்ணின் கண் அவர் பக்கமே போகவில்லை. நேராக, கேமராவுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தது. கேமராவைப் பிடித்திருக்கும் ஆளின் முகம் அங்கேதான் இருக்கும். சிரித்து முடித்ததும் அவள் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்தாள்.

"தெரிஞ்சவங்களைப் பாத்த சிரிப்பு அத்தை" என்றான். இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை.

அந்தச் சின்ன ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே பேக்கரி இருந்தது. முதலாளியம்மா முழங்கை வரை மாவோடு வந்தாள். அத்தை போனில் அந்த முகத்தைக் காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு, கடையில் இருந்த ஒரே வாடிக்கையாளரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க போலீஸா?"

"இல்லம்மா."

"அப்ப சொல்றேன். போலீஸ்கிட்ட சொன்னேன், எழுதக்கூட இல்ல. கொன்னவன்தான் உள்ள இருக்கானே, இனி என்னன்னுட்டாங்க." அவள் அடுப்புப் பக்கம் கை காட்டினாள். "அங்கதான் நிப்பா. வாசல் பக்கமே வர மாட்டா, யாராவது பாத்துடுவாங்கன்னு. அவ இங்க இருக்கறது அவ அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அன்னிக்கு அந்த வீடியோக்காரர் திடீர்னு உள்ள நுழைஞ்சார். கேமராவைப் பிடிச்சுக்கிட்டு வந்தது அவளோட அக்கா. அக்காவைப் பாத்த சந்தோஷத்துல இந்தப் பைத்தியம் நிமிர்ந்து சிரிச்சுடுச்சு."

"அப்புறம்?"

"வெளியில வந்ததும் அக்கா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'உங்களுக்கு அடையாளம் தெரியலையா, அது என் தங்கச்சிங்க. அவ இருக்கற எடம் மட்டும் வேண்டாம், வெட்டிடுங்க'ன்னு கெஞ்சினா. நான் இந்த வாசல்ல நின்னு கேட்டேன். அவர் ஆகட்டும்னார். மறுநாள் காலையில பாத்தா அவ மூஞ்சிதான் முன்னாடி பெரிசா நிக்குது. அக்கா காலைப் பிடிச்சிருக்கா, எடுத்துடுங்கன்னு. ரெண்டு நாள் ஓடட்டும்னாராம். தங்கச்சி செத்தப்புறம் அவ சாமானை எடுக்க வந்தப்ப என்கிட்ட சொன்னா. அழவே இல்லைங்க அவ. இந்த இடத்துல நின்னா, ஆடாம அசையாம. எனக்கு அவளைப் பாக்கவே பயமா இருந்துது."

பிறகு முதலாளியம்மா, புருஷன்காரன் கடைக்கு வந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் முடியாமல் மாவுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் வாயாடிக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அவன் யாரையும் அடித்ததில்லை, அடிவாங்கியதுண்டு.

"இந்தக் கேஸை விட்டுடலாம் அத்தை. ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிடுங்க."

"சொன்னா வேற ஆளைப் பிடிப்பார். அவன் வந்து அரை மணி நேரத்துல அவ பேரைச் சொல்லுவான், ஏன்னு கேக்காமலே."

"அப்ப நீங்களே காட்டிக் குடுக்கப் போறீங்களா? அவகிட்ட என்ன ஆதாரம் இருக்கு? அவ கெஞ்சினது எந்தப் படத்துலயும் இல்ல. வெளியில போய் என்ன சொன்னாலும் பைத்தியக்காரின்னுடுவார். அவளை உக்கார வெச்சு அழவெச்சுப் படம் எடுப்பார் அத்தை!"

பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "கேட்டதுக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றதுங்கறது என் இஷ்டம்."

தனியாளின் வீட்டுக் கூடத்தில் மத்தியான வெளிச்சம் நன்றாக விழுந்தது. ஒரு பக்கச் சுவர் மட்டும் அலமாரி, செடி, உலக வரைபடம் என்று அழகாக இருந்தது. கேமராவுக்குத் தெரியாத மற்ற மூன்று பக்கமும் அட்டைப்பெட்டியும் அழுக்குத் துணியும்தான். மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தையும் அவளைப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சாச்சு" என்றாள் அத்தை.

"இருங்க, இருங்க!" தனியாள் துள்ளி எழுந்தார். "பேரைச் சொல்லிடாதீங்க. இதை எடுத்துடணும். இதைவிட நல்ல வீடியோ இந்த வருஷம் கிடைக்காது." அழகான சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து தலையைச் சரிசெய்துகொண்டார். "ஏய், போனை எடு."

மனைவி போனை எடுத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"படகு வீடியோவுலயும் இவங்கதானே பிடிச்சாங்க?" என்றாள் அத்தை.

தனியாள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "பிடிச்சுட்டீங்களே! தொழில் ரகசியம் மேடம், வெளியில சொல்லிடாதீங்க. ஜனங்களுக்குத் தனியாள்னாத்தான் பிடிக்குது. நீங்க தாராளமாப் பேசுங்க, வேண்டாததையெல்லாம் அப்புறம் வெட்டிக்கலாம்."

"நீங்களும் தாராளமாப் பேசணும். நடந்ததை மறைக்காம சொன்னாத்தான் நான் பேரைச் சொல்லுவேன். பேக்கரி வீடியோவுல ஒரு எடத்தை வெட்டச் சொல்லி உங்களை யாராவது கேட்டாங்களா?"

தனியாளின் முகம் சுருங்கியது. மனைவி பக்கம் திரும்பி, "இதை வெட்டிடணும், என்ன?" என்றார். அவள் எப்போதும் போலப் பதில் சொல்லவில்லை. அவரும் எப்போதும் போலப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கேட்டாங்க மேடம். இவதான் கேட்டா. இவ தங்கச்சிதான் அது. கல்யாணத்தப்ப ஒரு தடவை பாத்ததோட சரி, எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? வெட்டறேன்னுதான் சொன்னேன். ஆனா உக்காந்து பாத்தா மொத்த வீடியோவுலயும் அந்தச் சிரிப்பு ஒண்ணுதான் தேறுது. அதை வெட்டினா மிச்சம் என்ன இருக்கு, பன்னும் ரொட்டியும்தான்."

அப்போதுதான் வாயாடி அதைக் கவனித்தான். தனியாளின் வீடியோக்கள் எல்லாமே அகலவாக்கில் எடுத்தவை. அவள் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்திருந்தாள். தனியாள் நேரடி ஒளிபரப்பு போகும்போது மட்டும்தான் அப்படி வரும். வாயாடி மெதுவாக ஓர் அடி பின்னால் வந்து அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். திரையில் சின்னச் சின்ன இதயங்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே படிக்க முடியாத வேகத்தில் ஜனங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத எழுத இதயங்கள் நின்றுபோயின.

ஒரு வார்த்தை போதும். 'சார்' என்றால் போதும். அவர் அத்தையின் கட்சிக்காரர், அத்தை பேரை நம்பி வந்தவர். சொல்லாமல் விட்டால் நாளைக்கு அலுவலகப் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டி வரலாம். வாயாடி வாயைத் திறந்தான். மாவு ஒட்டிய அந்த முகம் நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே, வாயை மூடிக்கொண்டான்.

"தங்கச்சியோட புருஷன்காரன் ஆளை விட்டுத் தேடிட்டிருக்கான்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?" என்றாள் அத்தை.

"சொன்னா. அவன் என் வீடியோவைப் பாப்பான்னு நான் கண்டேனா?"

"மறுநாள் காலையில காலைப் பிடிச்சாங்களே?"

"பிடிச்சா. ரெண்டு நாள் ஓடட்டும்னேன். நீங்களே சொல்லுங்க மேடம், நல்லா ஓடிட்டிருக்கறதை யாராவது எடுப்பாங்களா? செத்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? கத்தி எடுத்தது நானா? நானும்தான் அழுதேனே, அதையும் வீடியோவாப் போட்டேனே!" அவர் கையை விரித்தார். "சரி, அதெல்லாம் பழைய கதை. இப்ப பேரைச் சொல்லுங்க. யார் அந்த நாய்?"

"உங்க ஸ்டாண்டு" என்றாள் அத்தை.

தனியாளுக்குப் புரியவில்லை. சட்டைப் பையில் இருந்த அவருடைய இன்னொரு போன் சற்று நேரமாகவே அதிர்ந்துகொண்டிருந்தது. எரிச்சலோடு எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் மறுபடி பார்த்தார். நிமிர்ந்து மனைவி கையில் இருந்த போனைப் பார்த்தார்.

"லைவ்ல இருக்கா?" குரல் கீச்சிட்டது. "எவ்வளவு நேரமா? ஏய், நிறுத்துடி!"

பாய்ந்தார். வாயாடி குறுக்கே போய் நின்றான். "பாத்து சார், ஃப்ரேமை விட்டு வெளியே போறீங்க" என்றான். இடத்தை விட்டு நகரவில்லை.

தனியாள் அவன் தோளுக்கு மேலே கையை நீட்டினார். அடுத்த நிமிடமே மிரட்டல் கெஞ்சலாக மாறியது. "அம்மா, தாயே, நிறுத்தும்மா. இதுவரைக்கும் பாத்தவங்க பாத்துட்டுப் போகட்டும், நிறுத்திட்டு அழிச்சுடு. உன் காலைப் பிடிச்சுக்கறேன். என் வாழ்க்கையே போயிடும்மா."

அவள் போனுக்குப் பின்னாலிருந்து பேசினாள். இத்தனை வருஷத்தில் அவருடைய வீடியோவில் அவள் குரல் கேட்பது அதுதான் முதல் முறை.

"ஓடட்டுங்க" என்றாள். "நல்லா ஓடிட்டிருக்கு."

தனியாள் கத்தினார், நாற்காலியைத் தூக்கி வீசினார், உலக வரைபடத்தைக் கிழித்தார். எல்லாம் ஓடியது. கடைசியில் செருப்பில்லாமல் வெளியே ஓடினார். படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கையில் போனோடு வந்து நின்றிருந்தார்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அவர்களை இடித்துத் தள்ளிவிட்டு இறங்குவது உள்ளே வரை கேட்டது.

"போதும், நிறுத்திடும்மா" என்றாள் அத்தை.

அவள் நிறுத்தினாள். போனை மேஜைமேல் வைத்தாள். வைத்த பிறகுதான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. வாயாடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பாதி அவள் புடவையில் சிந்தியது.

"எனக்குத் தெரிஞ்சதை அவர்கிட்ட சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சுது" என்ற அத்தை, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்பவாவது மனசு ஆறுச்சாம்மா?"

தெருவில் யாரோ தனியாளின் பெயரைச் சொல்லிக் காறித் துப்புவது ஜன்னல் வழியே கேட்டது. அவள் அதைக் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டாள்.

"ஆறலைங்க" என்றாள். "ஆனா நல்லா இருக்கு."